கம்பெனி பஸ்ஸின் முதல் படி

பதினாறு அங்குலம்.
ரின்பூ கேட்டாள் என்று
டிரைவர் சம்பத் மகளின் ஸ்கேலை எடுத்துவந்து
அளந்து சொன்னது.

விடியற்காலை ஐந்து நாற்பது, ரத்தினகிரி நிறுத்தம்.
ஒரு கால் மேலே, ஒரு கால் ரோட்டில்,
கம்பி பிடித்த விரல்கள் வெளுத்துப்போய்
நான் நிற்க,
பின்னால் பதினோரு பேர்.
ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.
திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.
இடுப்பில் கை கொடுத்து
சிப்பம் ஏற்றுவதுபோல் ஏற்றிவிட்டார்கள்.

இருபத்திரண்டு வருஷம் ராணிப்பேட்டையில்
நின்றபடியே ஷூவுக்கு அடி ஒட்டினேன்.
எவனோ அதைப் போட்டுக்கொண்டு பனியில் நடக்கிறான்.
எனக்குக் கொல்லைக்குப் போகவே சுவர் வேண்டியிருந்தது.
குத்தவைக்க முடியவில்லை.
நடுவில் ஓட்டை உள்ள பிளாஸ்டிக் நாற்காலி வாங்கினேன்,
"மாமியாருக்கு" என்று கடையில் சொல்லி.
மாமியார் போய் ஒன்பது வருஷம்.

அப்புறம் லீவு. லீவுக்கு மேல் லீவு.
தங்கச்சி மகள் மஞ்சள் நீராட்டுக்கும் போகவில்லை.
வெயில் என்றேன்.
வேலூரில் அந்தக் காரணத்தை
யாரும் சந்தேகப்படுவதில்லை.

எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து டாக்டர் சொன்னார்: தேய்மானம்.
திரும்பி வந்த சரக்குக்கு
எங்கள் சூப்பர்வைசர் எழுதுகிற அதே வார்த்தை.

ரின்பூவுக்கு முழுப்பெயர் லால்ரின்பூயி. ஊர் மிசோரம்.
தமிழ் கற்றது சத்துவாச்சாரி டிபன் கடையில்.
"வலி கீதாக்கா?"
கீது.
"பத்துக்கு எவ்ளோ?"
ஏழு.
அடுத்த தாளைப் புரட்டினாள்.
"ரெண்டு வாரமா எதுலயும் மனசு ஒட்டாம கீதா?"

முட்டிக்கு வந்தவளிடம் இது என்ன கேள்வி.
இல்லை என்றேன்.
அவள் டிக் போடவில்லை.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.
ஃபேன் சுற்றியது.
"ஒட்டறதுதான் எனக்கு வேலையே" என்று
ஆரம்பித்தவள்
முடிக்க முடியாமல் முந்தானையைத் தேடினேன்.

முட்டிக்கடியில் சுருட்டிய துண்டு.
அழுத்து, ஐந்து எண்ணு, விடு.
பக்கத்துக் கட்டிலில் கல்கத்தாக்காரர்
ஏக், துய், தின் என்று இழுப்பார்.
அவருடைய ஐந்து என் ஐந்தைவிட நீளம்.
விடுவேனா, நானும் இழுத்தேன்.

இரண்டாவது வாரம் வலி கூடியது.
வரமாட்டேன் என்று போன் செய்தேன்.
"அஞ்சு முறை மட்டும் செய், வந்து திட்டு" என்றாள்.
போனேன்.
தேய்ந்தது வளருமா என்று கேட்டேன்.
"வளராதுக்கா. சுத்தி இருக்கற சதை தாங்கும்."
பாலாறு மாதிரியா, மேலே மணல், அடியில் தண்ணீர்?
"அதெல்லாம் எனக்குத் தெரியாது, காலைத் தூக்கு."

ஏறும்போது நல்ல கால் முதலில்,
இறங்கும்போது நோகிற கால்.
நாலு அங்குலப் பலகை. ஆறு. எட்டு.
வீட்டில் செங்கல்.
மூன்றாவது கல்லை வைத்த ராத்திரி
குக்கர் விசிலை எண்ண மறந்து
சோறு குழைந்தது.
குழைந்த சோற்றைத் தின்றுகொண்டே
தங்கச்சிக்குப் போன் போட்டேன்,
வெயிலைப் பற்றிப் பேசாமல்.

பலகையில் பதினாறு கிடையாது.
ஞாயிற்றுக்கிழமை, ஷெட்டில் காலி பஸ்,
சம்பத் பீடி பற்றவைத்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.
முதல் தடவை முடியவில்லை.
அதற்கடுத்த ஞாயிறும்.

போன திங்கள் ஏறினேன்.
கம்பி வேண்டியிருந்தது, கொஞ்சம் நேரமும்.
பின்னாலிருந்து புதுசாகச் சேர்ந்த ஒரு பெண்,
"ஏறேன்க்கா, இன்னா கோயில் தேரா இழுக்கற?"
பஸ்ஸே அமைதியானது.
திரும்பினேன்.
இருபத்திரண்டு வருஷத்துப் பாஷை
ஒரு சொல் தேயாமல் வந்தது.

"வலி கீதாக்கா?"
கீது. நாலு.
"மனசு?"
அந்தப் பெண்ணைக் கேள் என்றேன்.